சேர்வர் அறையின் மின்சாரத்தை எப்படி அளப்பது? திருகோணமலை நிறுவனங்களுக்கான ஓர் ஒப்பீடு

தரவு நிலையங்களின் மின்நுகர்வு பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை பல மெகாவாற்று எடுக்கும் கட்டடங்களை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. 2024ஆம் ஆண்டில் உலகத் தரவு நிலையங்கள் ஏறத்தாழ 415 டெராவாற்று மணி மின்சாரத்தை, அதாவது உலக நுகர்வில் 1.5 வீதம் அளவைப் பயன்படுத்தின என்று சர்வதேச சக்தி முகவரகம் மதிப்பிட்டது. அது பெரிய செய்திதான். ஆனால் உவர்மலையிலோ உப்புவெளியிலோ நான்கு முதல் பத்து ராக்குகள் (சேர்வர்களை அடுக்கி வைக்கும் சட்டங்கள்) கொண்ட ஓர் அறையை நடத்தும் நிறுவனத்தின் பொறுப்பதிகாரிக்கு, மாதம் தோறும் வரும் கட்டணப் பட்டியலில் எத்தனை அலகு அந்த அறைக்கு உரியது என்ற எளிய கேள்விக்கே விடை தெரிவதில்லை. அலுவலக விளக்குகளும் தண்ணீர்ப் பம்பும் கூட்ட மண்டபத்தின் குளிரூட்டியும் சேர்வர் அறையும் ஒரே மானியில் கலந்து போகின்றன. இந்த ஒப்பீடு அத்தகைய அறைகளை நடத்துபவர்களுக்கு உரியது. மின்நுகர்வைக் கண்காணிக்க இன்று கிடைக்கும் வழிகளில் எதற்குப் பணம் ஒதுக்குவது, எதைத் தவிர்ப்பது என்பதே தீர்மானிக்க வேண்டிய விடயம்.

கணக்கை எளிதாக்க, ஒரு மாதிரி அறையை எடுத்துக்கொள்வோம். ஆறு ராக்குகள், அவற்றில் உள்ள சேர்வர்களும் சேமிப்பகமும் வலையமைப்புக் கருவிகளும் இரவு பகலாக 10 கிலோவாற்று எடுக்கின்றன. ஆண்டுக்கு அது 87,600 அலகு (கிலோவாற்று மணி). அறை முழுவதும் 19 கிலோவாற்று எடுத்தால் ஆண்டுக்கு 166,440 அலகு. அதையே 15 கிலோவாற்றுக்குக் குறைக்க முடிந்தால் 131,400 அலகு. இடையிலுள்ள 35,040 அலகுதான் இங்கு பேசப்படும் எல்லா மானிகளும் மென்பொருட்களும் தேடிப் பிடிக்க வேண்டிய தொகை.

இதை ரூபாயில் எழுதாமல் அலகில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இலங்கையின் மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்ந்தது. 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்து, அதே ஆண்டு ஜூனில் மீண்டும் 15 வீதம் கூடியது. இத்தகைய ஏற்ற இறக்கத்தில் ரூபாயை மட்டும் பார்க்கும் நிறுவனம், கட்டணம் குறைந்த மாதத்தில் தன் அறை திருந்திவிட்டதாக எண்ணக்கூடும். சேமிப்பை முதலில் அலகில் நிறுவ வேண்டும். ரூபாய்க் கணக்கு அதன் பிறகு வரட்டும்.

எதை அளக்க வேண்டும்

அறையின் மொத்த மின்நுகர்வைக் கணினிக் கருவிகளின் நுகர்வால் வகுத்துப் பெறும் விகிதம் பி.யூ.ஈ. எனப்படுகிறது. த கிரீன் கிரிட் என்ற அமைப்பு 2007இல் முன்வைத்த இந்த அளவுகோல் பின்னர் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஆனது. நமது மாதிரி அறையின் பி.யூ.ஈ. 1.9. தரவு நிலையங்களை ஆராயும் அப்டைம் நிறுவனத்தின் 2024 ஆய்வில் உலகச் சராசரி 1.56, கூகுள் தன் நிலையங்களுக்கு அதே ஆண்டில் அறிவித்த சராசரி 1.09. கூகுளின் எண்ணைப் பார்த்து நாம் மனம் தளர வேண்டியதில்லை. அவர்களின் அளவும் கட்டட வடிவமைப்பும் வேறு, பல இடங்களில் காலநிலையும் வேறு.

திருகோணமலையின் காலநிலையே இந்தத் தீர்மானத்தின் மையம். குளிர் நாடுகளில் வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே விட்டே சேர்வர்களைக் குளிர்விக்கிறார்கள். குளிரூட்டல் பொறியியலாளர்களின் ஆஷ்ரே அமைப்பின் பரிந்துரைப்படி சேர்வரின் முன்புறம் உள்ளே செல்லும் காற்று 18 முதல் 27 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அதன் பனிபடுநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 15 பாகையைத் தாண்டக் கூடாது. துறைமுகமும் கடலும் சூழ்ந்த நமது நகரில் பெரும்பாலான நாட்களில் வெளிக்காற்றின் பனிபடுநிலை 20 பாகைக்கு மேலேதான் நிற்கிறது. அதோடு உப்பும் சேர்ந்து வருகிறது. ஆகவே வெளிக்காற்றுக் குளிர்ச்சி நமக்கு ஒரு தெரிவே அல்ல. கச்சான் வீசும் மாதங்களிலும் மாரி காலத்திலும் குளிரூட்டி இயந்திரம் ஓடியே ஆக வேண்டும்.

இதனால் மாதிரி அறையின் 19 கிலோவாற்றில் கருவிகளுக்குப் போன 10ஐக் கழித்தால் மீதியாகும் 9 கிலோவாற்றில், யூ.பி.எஸ். இழப்பு ஒரு கிலோவாற்று அளவும் விளக்கு முதலியன மிகச் சிறிதளவும் போக, ஏறக்குறைய எல்லாமே குளிரூட்டலுக்குச் செல்கின்றன. எந்தக் கண்காணிப்பு முறையையும் நான் முதலில் ஒரே கேள்வியால்தான் மதிப்பிடுவேன்: குளிரூட்டிகளின் நுகர்வை அது தனியாக, மணிக்கு மணி காட்டுமா? காட்டாத முறை எத்தனை வண்ண வரைபடங்களை வரைந்தாலும், 35,040 அலகு ஒளிந்திருக்கும் இடத்தை அது பார்ப்பதில்லை.

கையால் குறித்து எழுதுதல்

மிகச் சிக்கனமான வழி இதுதான். யூ.பி.எஸ். திரையில் தெரியும் சுமையையும், மின்னியலாளர் கிளாம்ப் மீற்றரால் அளக்கும் அம்பியர் அளவையும், கட்டணப் பட்டியலையும் ஒரு பதிவேட்டில் எழுதி வருவது. இதற்கு ஏளனம் தேவையில்லை. அறைக்குள் நாள்தோறும் நடந்து செல்லும் ஒருவர், தூசி அடைத்த வடிகட்டியையும் பாதி மூடிக் கிடக்கும் காற்றுத் துவாரத்தையும் கண்ணால் காண்கிறார். எந்த மானியும் அவற்றைக் காண்பதில்லை.

ஆனால் குறைகள் பெரியவை. அலுவலக நேரத்தில் எடுக்கும் ஓர் அளவு, பிற்பகல் இரண்டு மணியின் வெக்கையையும் நள்ளிரவின் நிலையையும் சொல்லாது. சாதாரண கிளாம்ப் மீற்றர் மின்னோட்டத்தை மட்டுமே காட்டும். அம்பியரை 230 ஆல் பெருக்கினால் கிடைப்பது தோற்ற வலு (கேவிஏ இதன் அலகு). அதில் எவ்வளவு பங்கு உண்மையில் நுகரப்படுகிறது என்பதைச் சொல்லும் வலுக்காரணி தெரியாமல் அதை உண்மையான கிலோவாற்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய குளிரூட்டிகளில் இந்த வேறுபாடு கணக்கையே கவிழ்த்துவிடும். எனவே இந்த முறையை ஒரு மாத கால ஆரம்ப நிலையாக வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைப்பேன். நிலையான முறையாக வைத்துக்கொள்வதை அல்ல.

முழுமையான வணிக மென்பொருள்

மறுமுனையில் டிசிம் எனப்படும் தரவு நிலைய முகாமைத்துவ மென்பொருட்கள் உள்ளன. ஷ்னைடர், வெர்டிவ், சன்பேர்ட் போன்றோரின் தயாரிப்புகள் இவ்வகையைச் சேர்ந்தவை. எந்த ராக்கில் எந்தக் கருவி, எவ்வளவு இடம் எஞ்சியிருக்கிறது, புதிய சேர்வரை எங்கே வைத்தால் வலுவும் குளிர்ச்சியும் போதும் என்பவற்றையெல்லாம் இவை ஒரே திரையில் தருகின்றன. நூறு ராக்குகள், பல கட்டடங்கள், மூன்று சுழற்சியாகப் பணிபுரியும் அணி ஆகியவை உள்ள இடத்தில் இதன் விலை நியாயமானது. ஆறு ராக்குகளுக்கு அது தேவையில்லை. உரிமக் கட்டணம் பொதுவாக ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதாகவும் டொலரில் கணிக்கப்படுவதாகவும் இருக்கிறது. 2022இல் ரூபாய் சரிந்ததைக் கண்டவர்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. மேலும், இந்த மென்பொருள் தானாக எதையும் அளப்பதில்லை. கீழே மானிகள் இல்லையென்றால், கருவிகளின் பெயர்ப்பலகையில் அச்சிட்ட வாற்று அளவை வைத்தே அது கணக்கிடும். அந்த அளவு உண்மையான நுகர்வைவிட மிக அதிகமாக இருப்பது வழக்கம்.

ராக்கில் பொருத்தும் அளவீட்டு பி.டி.யூ.

இடைநிலைத் தெரிவாக, ஒவ்வொரு ராக்கிலும் அளக்கும் திறனுள்ள மின்பகிர் பட்டையை (பி.டி.யூ.) பொருத்தலாம். மலிவான வகை ராக்கின் மொத்தச் சுமையைக் காட்டும். விலை கூடிய வகை ஒவ்வொரு செருகியின் அளவையும் காட்டுவதோடு, தூரத்திலிருந்து செருகியை நிறுத்தவும் இயக்கவும் உதவும். இடத்தை வாடகைக்கு விட்டு, ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் அலகுக் கணக்கில் பணம் அறவிடும் நிறுவனத்துக்கு இது இன்றியமையாதது. தூரத்திலிருந்து செருகியை இயக்கும் வசதிக்கும் பயன் உண்டு. கிண்ணியாவிலோ மூதூரிலோ உள்ள கிளை அறையில் ஒரு ரவுட்டர் உறைந்துவிட்டால், ஆளை அனுப்பாமலே அதை மீளத் தொடங்கலாம்.

ஆனால் தன் சொந்தச் சேர்வர்களை மட்டும் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இந்தத் தகவலின் பெரும்பகுதி ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கிறது. கடந்த பதினைந்து ஆண்டுகளுக்குள் வாங்கிய நல்ல தரச் சேர்வர்களில் பெரும்பாலானவை தம் மின்நுகர்வையும் முன்புறக் காற்றின் வெப்பநிலையையும் ஐ.பி.எம்.ஐ. என்ற சேர்வர் கண்காணிப்பு இடைமுகத்தின் வழியாகவோ, 2015இல் வெளிவந்த ரெட்ஃபிஷ் தரத்தின் வழியாகவோ கேட்டால் சொல்லிவிடும். அந்த அளவு மின்சார சபையின் மானிக்கு நிகரான துல்லியம் கொண்டதல்ல. எனினும் எந்தச் சேர்வர் வேலையே இல்லாமல் ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க அது போதும். மேலும் பி.டி.யூ. கருவிகளின் பக்கத்தை மட்டுமே அளக்கிறது. குளிரூட்டி ராக்கில் செருகப்படுவதில்லை. பெரும் பணம் கொடுத்து வாங்கிய பட்டைகள், 10 கிலோவாற்றை நுணுக்கமாகப் பிரித்துக் காட்டிவிட்டு, மற்ற 9 கிலோவாற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருக்கும்.

மின்பலகையில் மானிகள், திறந்த மூல மென்பொருள்

எனது தெரிவு இதுதான்; ஆகவே இதன் நன்மையையும் ஆபத்தையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அறைக்கு வரும் பிரதான இணைப்பு, யூ.பி.எஸ். உள்ளீடு, யூ.பி.எஸ். வெளியீடு, குளிரூட்டிகளுக்குச் செல்லும் இணைப்பு ஆகிய நான்கு இடங்களில் மும்முனை சக்தி மானிகளைப் பொருத்துகிறோம். கம்பியைச் சுற்றி மாட்டும் சீ.ரீ. வளையங்கள் மின்னோட்டத்தை அளக்கின்றன, மானிகள் ஆர்.எஸ்.-485 கம்பி வழியாக மொட்பஸ் நெறிமுறையில் ஒரு சிறிய கணினிக்குத் தரவை அனுப்புகின்றன. ராஸ்பெரி பை போன்ற கணினியே போதும். அது எடுக்கும் மின்சாரம் ஆண்டுக்கு ஐம்பது அலகைக்கூடத் தொடாது. ப்ரொமிதியஸ் அல்லது சாபிக்ஸ் தரவைச் சேர்த்து வைக்க, கிரஃபானா வரைபடமாகக் காட்டும். இந்த மென்பொருட்கள் எதற்கும் உரிமக் கட்டணம் இல்லை. யூ.பி.எஸ்.இல் வலையமைப்பு வழியாகத் தரவு தரும் எஸ்.என்.எம்.பி. அட்டை இருந்தால் அதன் தரவும், சேர்வர்களின் ரெட்ஃபிஷ் தரவும் அதே திரையில் சேரும்.

இதன் முதற் பெரும் நன்மை, யூ.பி.எஸ். இழப்பும் குளிரூட்டலும் கருவிச் சுமையும் தனித்தனியே தெரிவது. இரண்டாவது, மின்சார சபையின் நேரப் பிரிவுகளோடு பொருத்திப் பார்க்க முடிவது. 42 கேவிஏக்கு மேற்பட்ட பொதுநோக்கப் பாவனையாளர்கள் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்துக்கு அதிக விலையும், இரவு 10.30 முதல் காலை 5.30 வரை குறைந்த விலையும் கொடுக்கிறார்கள். அத்துடன் மாதத்தின் உச்சக் கேள்விக்கு, அதாவது ஒரே நேரத்தில் எடுத்த மிகக் கூடிய வலுவுக்கு, கேவிஏ கணக்கில் தனிக் கட்டணமும் உண்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது போன்ற ஒரு நாளில், மின்சாரம் திரும்பும் கணத்தில் எல்லாக் குளிரூட்டிகளும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன, யூ.பி.எஸ். மின்கலங்களும் அப்போதுதான் பசியோடு மின்னேற்றம் பெறுகின்றன. அந்தச் சில நிமிடங்கள் அந்த மாதத்தின் உச்சத்தையே நிர்ணயிக்கலாம். வரைபடத்தில் அதைக் கண்டவர், குளிரூட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கும்படி தாமத ரிலே வைப்பார். காணாதவர் கட்டணத்தைச் செலுத்திவிட்டு இருப்பார்.

மூன்றாவது நன்மை நமது கடற்கரைக்கே உரியது. வெளியே பொருத்திய குளிரூட்டிப் பகுதியின் பின்புறம், செப்புக் குழாய்களைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். இரு உலோகங்கள் சேரும் இடத்தில் உப்பு ஈரம் படும்போது அலுமினியம் அரிக்கப்படுகிறது. கடலைப் பார்த்த சுவரில் சில ஆண்டுகள் இருந்த தகட்டை விரலால் தொட்டால் வெண்பொடியாக உதிர்வதை இங்குள்ள எந்த ஏசி திருத்துநரும் காட்டுவார். தகடு உதிர்ந்த இயந்திரம் நின்றுவிடுவதில்லை. அதே குளிர்ச்சியைத் தர மேலும் மேலும் மின்சாரம் எடுத்தபடி ஓடிக்கொண்டேயிருக்கும். கருவிச் சுமையின் ஒவ்வொரு அலகுக்கும் குளிரூட்டல் எத்தனை அலகு என்ற விகிதத்தை மாதம் தோறும் பார்த்தால், காலநிலை மாறாதபோதும் அது மெல்ல ஏறுவது தெரியும். கழுவ வேண்டுமா, மாற்ற வேண்டுமா, அடுத்த முறை பூச்சிட்ட தகடுள்ள இயந்திரத்தை வாங்க வேண்டுமா என்பதை அந்தக் கோடு சொல்லும். தனி மானி இல்லாத அறையில் இது, இயந்திரம் பழுதாகும் நாள்வரை மறைந்தே இருக்கும்.

இப்போது ஆபத்துகள். பொருத்துதல் எளிது போலத் தோன்றும். பிழை செய்வதும் அவ்வளவு எளிது. ஒரு முனையின் சீ.ரீ. வளையத்தை அடுத்த முனையின் மின்னழுத்தத்தோடு இணைத்துவிட்டால், 120 பாகைக் கோண வேறுபாட்டால் மானி உண்மையான வலுவில் பாதியை, அதுவும் எதிர்க் குறியோடு காட்டும். மூன்று முனைகளின் கூட்டுத்தொகையில் இந்தப் பிழை கலந்துவிட்டால் எண்ணைப் பார்த்து உடனே கண்டுபிடிக்க முடியாது. சாதாரண 5 அம்பியர் சீ.ரீ.யின் இரண்டாம் சுற்றை மின்னோட்டம் ஓடும்போது கழற்றினால் ஆபத்தான உயர் அழுத்தம் உண்டாகும்; இதைத் தகுதிபெற்ற மின்னியலாளர் மட்டுமே செய்ய வேண்டும். கணினியின் கடிகாரம் இணையத்தோடு ஒத்திசையாவிட்டால், உச்ச நேரக் கணக்கே தவறிப்போகும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ஆளைப் பற்றியது. ஆர்வமுள்ள ஓர் உத்தியோகத்தர் இவற்றையெல்லாம் தானே அமைக்கிறார். இரண்டு ஆண்டுகளில் அவருக்குக் கொழும்புக்கோ கண்டிக்கோ இடமாற்றம் வருகிறது. கடவுச்சொல் அவரிடம், எந்த மானிக்கு எந்த எண் என்பது அவர் நினைவில். ஒரு மின்தடைக்குப் பின் அந்தச் சிறிய கணினி எழும்பவில்லை என்றால் திரை இருண்டு போகும். அதன் பிறகு யாரும் அதைத் தேடுவதில்லை. கிழக்கின் அரச நிறுவனங்களில் இடமாற்றம் அன்றாட நடைமுறை. ஆகவே இதை விதிவிலக்காக எண்ணாமல், நிச்சயம் நடக்கும் என்றே எடுத்துக்கொண்டு திட்டமிட வேண்டும். வணிக மென்பொருளுக்கு ஆதரவு ஒப்பந்தம் உண்டு என்பது அதன் உண்மையான பலம். ஆனால் அந்த ஆதரவும் பெரும்பாலும் கொழும்பிலிருந்துதான் வர வேண்டும். இரண்டு உத்தியோகத்தர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அமைப்பை எழுத்தில் வைத்து, உள்ளூர்ப் பட்டதாரி ஒருவரோடு சிறிய பராமரிப்பு ஒப்பந்தம் செய்துகொள்வது அதைவிட உறுதியானது என்று நான் நம்புகிறேன்.

வடிகுழாய் சொல்லும் கணக்கு

மானிகளை வாங்குவதற்கு முன்பே செய்யக்கூடிய ஓர் அளவீடு உண்டு. அதைப் பலரும் கவனிப்பதில்லை. சேர்வர்கள் வெப்பத்தை மட்டுமே வெளிவிடுகின்றன, ஈரத்தை வெளிவிடுவதில்லை. ஆகவே கதவு சரியாக மூடிய, ஆட்கள் உட்காராத சேர்வர் அறையில் குளிரூட்டியின் வடிகுழாய் ஏறத்தாழ உலர்ந்தே இருக்க வேண்டும். அதிலிருந்து வடியும் ஒவ்வொரு துளியும் கதவிடுக்கு, கம்பிகள் நுழையும் துவாரம், கூரைத்தட்டு ஆகியவற்றின் வழியே உள்ளே வந்த கடற்காற்றின் ஈரம். ஒரு லீற்றர் நீரைக் காற்றிலிருந்து பிரிக்க ஏறக்குறைய 0.68 கிலோவாற்று மணி வெப்பத்தை அகற்ற வேண்டும். வடிகுழாயின் கீழ் ஒரு வாளியை வைத்துப் பாருங்கள். நாளுக்கு 20 லீற்றர் சேர்ந்தால் 13.6 கிலோவாற்று மணி வெப்பம். குளிரூட்டியின் திறனைப் பொறுத்து அதற்கு நாளொன்றுக்கு 4.5 முதல் 7 அலகு வரை செலவாகிறது. சேர்வர்களுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. துவாரங்களை அடைக்கச் சில ரப்பர் பட்டைகளும் தீத்தடுப்புப் பசையும் போதும்.

வெப்பநிலையை 18 பாகையில் வைத்திருப்பது இந்த இழப்பை மேலும் கூட்டுகிறது. குளிரூட்டியின் சுருள் குளிரக் குளிர அதிக ஈரத்தைப் பிழிந்தெடுக்கும். நம்மைப் போன்ற வெப்ப வலயத்தில் உள்ள சிங்கப்பூர், வெப்பமண்டலத் தரவு நிலையங்களுக்காக 2023இல் ஒரு தரத்தை வெளியிட்டது. இயக்க வெப்பநிலையை 26 பாகைக்கும் மேலே உயர்த்தலாம் என்றும், ஒவ்வொரு பாகைக்கும் 2 முதல் 5 வீதம் குளிரூட்டல் சக்தி மிச்சமாகும் என்றும் அது வழிகாட்டுகிறது. 20 பாகையிலிருந்து 25க்கு உயர்த்தும் அறைக்கு இது பத்து வீதத்துக்குக் குறையாத சேமிப்பு. செலவு எதுவுமில்லை. ஆனால் இங்குதான் அளவீடு இன்றியமையாததாகிறது. சுவரில் உள்ள குளிரூட்டியின் எண்ணை நம்பக் கூடாது. ராக்கின் உச்சியில் உள்ள சேர்வரின் முன்புறக் காற்றைப் பார்த்து ஒவ்வொரு பாகையாக உயர்த்த வேண்டும். ஓரளவுக்கு மேல் சேர்வர்களின் உள்விசிறிகள் வேகமெடுக்கும். விசிறி எடுக்கும் வலு வேகத்தின் மூன்றாம் படிக்கு ஏற்ப உயர்வதால், குளிரூட்டியில் மிச்சமானது அங்கே செலவாகிவிடலாம். ஈய அமில மின்கலங்களின் ஆயுளும் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஏறத்தாழப் பாதியாகிறது. அவை அதே அறையில் இருந்தால், குளிர்காற்று முதலில் படும் மூலையில் அவற்றை வைக்க வேண்டும்.

பி.யூ.ஈ. என்ற எண்ணை மட்டும் இலக்காக வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மேற்சொன்ன விசிறிகள் வேகமெடுக்கும்போது கருவிகளின் நுகர்வு கூடும். வகுக்கும் எண் பெரிதாவதால் பி.யூ.ஈ. குறைந்து தோன்றும், கட்டணமோ கூடும். இதன் மறுபக்கமும் உண்மை. மாதிரி அறையில் வேலையற்ற சேர்வர்களை நிறுத்திக் கருவிச் சுமையை 10இலிருந்து 8 கிலோவாற்றாகக் குறைத்தால், குளிரூட்டலும் சற்றுக் குறைந்து மொத்தம் 19இலிருந்து 15.8க்கு இறங்கலாம். ஆண்டுக்கு 28,000 அலகு மிச்சம். ஆனால் பி.யூ.ஈ. 1.9இலிருந்து 1.98 ஆக உயர்ந்திருக்கும். எண்ணை மட்டும் பார்க்கும் மேலதிகாரி, நல்ல வேலை செய்த உத்தியோகத்தரிடம் விளக்கம் கேட்பார். ஆகவே மாத அறிக்கையில் மொத்த அலகு முதலில் வரட்டும், பி.யூ.ஈ. அதன் கீழே இருக்கட்டும்.

அறையே தேவையா என்ற கேள்வி

இவற்றுக்கெல்லாம் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் உள்ளது. மின்னஞ்சல், இணையத்தளம், காப்புப் பிரதி போன்றவற்றைக் கொழும்பில் உள்ள பெரிய தரவு நிலையத்துக்கோ, அரச நிறுவனமாயின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்டுக்கோ மாற்றிவிட்டால் அவற்றின் மின்சாரம் நமது பட்டியலில் வராது. அந்த இடங்களின் குளிரூட்டல் திறனும் நமது சிறிய அறையைவிடச் சிறந்ததாகவே இருக்கும். ஆனால் வைத்தியசாலையின் நோயாளர் பதிவும் களஞ்சியத்தின் இருப்புக் கணக்கும் ஓர் ஒளியிழை அறுந்ததால் நின்றுபோவதை இந்த மாவட்டம் ஏற்றுக்கொள்ள முடியாது. எனவே முழு மாற்றத்தை நான் ஆதரிக்கவில்லை. ஆறு ராக்குகளை மூன்றாகக் குறைக்க முடியுமா என்று பார்ப்பது நியாயமான நடுவழி. அதற்கும் எந்தச் சேர்வர் எவ்வளவு வேலை செய்கிறது என்ற அளவீடு முதலில் வேண்டும்.

கூரையில் சூரிய மின்தகடு போடுவதைச் சிலர் இதற்கு மாற்றாக முன்வைக்கிறார்கள். அது நல்ல முதலீடு. ஆனால் வேறு விடயம். அறையின் வீணடிப்பைக் குறைக்காமல் தகடு போட்டால், அந்த வீணடிப்பையும் சேர்த்தே தகடுகளை வாங்க வேண்டியிருக்கும். உச்ச நேரம் தொடங்கும்போது சூரியனும் மறைந்துவிடும்.

மின்தடை நாட்களில் இந்தச் சேமிப்பின் மதிப்பு வேறு விதமாகவும் தெரியும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. ஓர் அலகுக்கு ஏறத்தாழ 0.3 லீற்றர் டீசல் எரிக்கும் மின்பிறப்பாக்கியில் 19 கிலோவாற்று அறையை 13 மணி நேரம் நடத்த 74 லீற்றர் வேண்டும். 15 கிலோவாற்று அறைக்கு 58.5 லீற்றர் போதும். சீனக்குடாவில் எண்ணெய்க் குதங்கள் நிற்கும் இந்த ஊரிலேயே எரிபொருளுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு, நாளுக்குப் பதினைந்து லீற்றர் என்றால் என்னவென்று தெரியும்.

விலைமனுவில் எழுத வேண்டியவை

ஆகவே பத்து ராக்குகளுக்கு உட்பட்ட, தன் சொந்தக் கருவிகளை மட்டும் நடத்தும் நிறுவனம் மின்பலகை மானிகளையும் திறந்த மூல மென்பொருளையும் தெரிவு செய்யட்டும். இடத்தை வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் மட்டும் ராக் பி.டி.யூ.க்களை அதனோடு சேர்க்கலாம். குளிரூட்டியின் வெப்பநிலையை மாற்றவும் வேலையற்ற சேர்வரை நிறுத்தவும் அதிகாரம் உள்ள ஓர் உத்தியோகத்தரை எழுத்தில் நியமிக்காமல் எந்த முறையையும் வாங்கக் கூடாது. அதிகாரமில்லாதவரின் மேசையில் இருக்கும் வரைபடத்தால் ஓர் அலகும் குறையாது.

விலைமனு கோரும்போது, மானிகள் உண்மையான கிலோவாற்றையும் கேவிஏயையும் வலுக்காரணியையும் காட்ட வேண்டும் என்றும், குளிரூட்டல் இணைப்புக்குத் தனி மானி வேண்டும் என்றும், தரவு நிறுவனத்தின் சொந்தக் கணினியிலேயே தங்க வேண்டும் என்றும் தெளிவாக எழுத வேண்டும். எந்த வளையம் எந்தக் கம்பியில் என்பதைக் காட்டும் ஒரு பக்க வரைபடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மின்பலகைக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட வேண்டும். கடவுச்சொற்கள் மூடிய உறையில் நிறுவனத் தலைவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். ஏற்றுக்கொள்ளும் சோதனையும் எளியதே. மின்சாரம் இருக்கும் நேரத்தில் யூ.பி.எஸ். உள்ளீடு அதன் வெளியீட்டைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும், யூ.பி.எஸ். உள்ளீட்டையும் குளிரூட்டலையும் கூட்டினால் பிரதான மானியின் அளவுக்கு, விளக்கு முதலியவற்றின் சிறு வேறுபாட்டோடு, நெருங்கி வர வேண்டும். ஒரு வாரத் தரவில் இவ்விரண்டும் பொருந்திய பிறகே இறுதிக் கொடுப்பனவு செய்யப்படும் என்ற வாசகம் விலைமனுவிலேயே இருக்கட்டும்.